ரோசா அக்காவின் பாவாடையை நான் மினுக்கிய கதை

ரோசா அக்கா போய்விட்டார் என்று அவருடைய கணவர் ஏரிக் தொலைபேசியில் சொன்னபோது, நான் வேலையிடத்தில் இஸ்திரிப்பெட்டியால் மேசைவிரிப்பு மினுக்கிக்கொண்டு நின்றேன். "இன்று காலை. நோவில்லாமல்" என்றார். ஏரிக் எப்போதும் அளந்துதான் கதைப்பார். நான் "ஓம், ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு பார்த்தால் அதே விரிப்பை நாலு தரம் மினுக்கியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற பெடியன், "அண்ணை, அது இனிக் கண்ணாடியாகப் போகுது" என்றான்.

இதை வாசிக்கிறவர்களில், தேவாலயத்து ஞாயிற்றுப் பூசையில் அவருக்குப் பின்வரிசையில் இருந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் இத்தாலியின் சார்டினியாத் தீவிலிருந்து இளம் வயதில் டென்மார்க் வந்தவர். ஹேர்னிங்கில் நான் முதன்முதலாகச் சேர்ந்த தையல் தொழிற்சாலையில் தைத்த உடுப்புகளைப் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. அவற்றை மினுக்குகிற வேலை எனக்கு. நாங்கள் கதைத்தது டெனிஷில். இரண்டு பேருக்கும் அது அரைகுறை. அதனாலோ என்னவோ, சண்டை வந்ததேயில்லை.

அவருடைய ஊரில் ஒவ்வொரு வைகாசியும் புனிதரின் பவனி நடக்கும். ஊர்ச்சனம் முழுக்கப் பழங்காலத்து உடை உடுத்து நடப்பார்கள். எந்தப் பாவாடை எந்தக் குடும்பத்துடையது என்று பார்த்தவுடனேயே சொல்லிவிடுவார்களாம். அதனால் அங்கே ஒருவரும் இரவல் உடுப்பதில்லை. தன்னுடையது இல்லாதவர் தெருவோரத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ரோசா அக்கா பல வருசம் போகவில்லை. மூன்று வருசத்துக்கு முன், "இந்த முறை உன்னோடு நடக்கிறேன்" என்று ஊரிலிருந்த தமக்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தமக்கைக்கு எண்பது கடந்துவிட்டது. அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்பதை இரண்டு பேரும் கதைக்கவில்லை.

தாயார் விட்டுப்போன சிவப்புக் கம்பளிப் பாவாடையின் கரையில் மெழுகு சிந்தியிருந்தது. "கரையை மட்டும் பார்" என்று என்னிடம் தந்தார். கடதாசி வைத்து மெழுகை எடுத்தேன். துப்புரவாக வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் கெட்டிக்காரன். ஆனால் பாவாடை முழுக்கத் தீக்குச்சி அகலத்தில் மடிப்புகள், அவற்றின் குறுக்கே வரிவரியாக ஓட்டுத்தையல் நூல். தைத்து முடிந்ததும் உருவ வேண்டிய நூலை எவனோ அரைகுறைத் தையற்காரன் இழுக்காமல் விட்டிருக்கிறான் என்று நினைத்து, எல்லாவற்றையும் வெட்டி இழுத்தேன். பிறகு நீராவி விட்டு, முப்பது வருச அனுபவத்தோடு, ஒரு சுருக்கம் இல்லாமல் மினுக்கிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பெருமையாக விரித்தபோது மனைவி வசந்தி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, பாவாடை எண்டு சொன்னியள். இது போர்வை மாதிரியெல்லோ கிடக்கு?"

அந்த மடிப்புகள்தான் பாவாடை என்பதும், அவை குலையாமல் இருக்கவே நூல் கட்டியிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மெசின் பழுது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். மகள் அனிற்றா டெனிஷில், "அப்பா, பொய் சொல்ல உங்களுக்கு வராது. வாங்கோ, நான் கார் ஓடுறன்" என்றாள்.

சில்க்போர்க்கில் அவர்களுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாவாடையை வைத்தேன். ரோசா அக்கா உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார்.

"நூல் எங்கே?"

"வெட்டி எறிஞ்சிட்டன்."

"நல்ல கத்தரியாலா?"

"ஓம்."

"அப்ப துணி கிழியவில்லை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவாடை இருக்கு. நீ இருக்கிறாய். பவனிக்கு நாலு கிழமை இருக்கு. இதில் எது குறைகிறது என்று முகத்தைத் தொங்கப்போடுகிறாய்? சனிக்கிழமை வா. மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. உன்னை நம்ப முடியாது."

நாலு சனிக்கிழமை போனோம். வசந்தி சேலைக்குக் கொய்யக மடிப்புப் பிடிக்கிற வேகத்தில் மடித்தாள். "பெரிசு" என்று ரோசா அக்கா எல்லாவற்றையும் குலைத்தார். இரண்டாம் நாளில் வசந்தியின் மடிப்பு அவருடையதை விடச் சிறிதாக வந்துவிட்டது. அன்று முழுக்க ரோசா அக்கா அவளோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அனிற்றா ஊசியில் நூல் கோத்து மடிப்புகளைக் கட்டினாள். வீட்டில் எனக்கு ஒரு சொல்லில் பதில் சொல்கிற பிள்ளை, அங்கே வாய் ஓயாமல் சிரித்துக் கதைத்தாள். நான் துணியைத் தொடத் தடை. நனைத்து மடித்த துணியின் மேல் பலகை வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். "உன் கை எனக்கு வேண்டாம், உன் பாரம் வேண்டும்" என்று ரோசா அக்கா என்னைப் பலகைக்கு மேல் இருத்திவிட்டார். முட்டையிடாத கோழி அடைகிடந்த மாதிரி, நாலு சனிக்கிழமையும் கோப்பி குடித்துக்கொண்டு இருந்தேன். வேலைக்கு ஆள் பொருத்தம் என்று வசந்தி சொன்னாள்.

பவனிக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். காலையில் நூலை உருவினார்கள். ரோசா அக்கா ஓரடி வைத்தார். மடிப்புகள் விரிந்து, திரும்பத் தாமாகவே கூடின. தமக்கை அவரைச் சுற்றி வந்து பார்த்தார். இடுப்புக்குப் பின்னால் ஓரிடத்தில் விரல் வைத்து ஏதோ கேட்டார். அங்கே மடிப்புக் கொஞ்சம் கோணல். நான் பலகையிலிருந்து எழும்பிக் கோப்பி எடுக்கப் போன நேரமாக இருக்க வேண்டும். ரோசா அக்கா என்னைக் காட்டி ஒன்று சொன்னார். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "இது எங்கள் பலகைக்காரன் என்றேன். வேறென்ன சொல்ல?" தமக்கையும் தங்கையும் கைகோத்து, தேவாலய வாசல் வரை முழுத் தெருவும் நடந்தார்கள்.

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. மன்னிப்பைப் பற்றி அவர் கதைக்கவேயில்லை. பிழைவிட்டவனை வீட்டுக்கு அனுப்பாமல், அதே மேசைக்குக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அது ஒன்றுதான்.

பாவாடை இனித் தமக்கையின் மகளுக்கு. வரும் வைகாசியில் அவள் நடக்கப் போகிறாள். கடைசியாக உடுத்த பிறகு அதை மடித்துத் திரும்ப நூலால் கட்டிவைக்க ரோசா அக்காவுக்குச் சுகம் இடங்கொடுக்கவில்லை. அடக்கம் முடிந்து இரண்டாம் சனிக்கிழமை, ஏரிக் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தானும் மடிக்க வேண்டும் என்றார். ஒரு முழு வரிசையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு, அதைப் பார்த்ததும் வீட்டுக்குப் போக எழும்பித் தன் குளிர்கோட்டை எடுத்தார்.

நான் கோட்டை வாங்கித் திரும்பக் கொக்கியில் கொழுவிவிட்டு, அவருடைய கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். அவர் திரும்பி வந்து இருந்தார். வசந்தி அந்த வரிசையைக் குலைத்து, துணியை நனைத்து, முதல் மடிப்பை அவருடைய விரலில் பிடித்துக் கொடுத்தாள்.