சலாமிக்கு நீட்டிய கை

கோலாப்பூரில் சாயங்காலமானால் எருமையைக் கட்டிவைத்துக் கண்ணெதிரே பால் கறந்து கொடுப்பார்கள். அங்கே பால் விற்கும் கேராபாவைத் தெரியாதவர்கள் இல்லை. டம்ளரை யார் கையிலும் தரமாட்டான், பலகைமேல் வைப்பான். புதிதாக வருகிறவர்கள் திமிர் என்பார்கள். திமிராவது மண்ணாங்கட்டியாவது!

நானும் அவனும் ஒரே வஸ்தாதிடம் குஸ்தி பழகியவர்கள். ஆள் நல்லவன், ஆனால் தோற்கத் தெரியாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழாக் குஸ்தியில் சாங்லிப் பயில்வான் விலாஸ் மகதூமிடம் தோற்றால், அப்புறம் பெரிய பயில்வான் எவனும் தன்னோடு மோதமாட்டான் என்ற பயம் வேறு.

கோதாவில் இறங்கினால் முதலில் சலாமி. எதிராளி மேல் ஒரு பிடி மண் தூவி, கையோடு கை தொட்டு, இருவரும் பின்வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிடி. விலாஸ் மண்ணைத் தூவிவிட்டுச் சிரித்தபடி கையை நீட்டினான். இந்தப் பாவி அந்தக் கையைப் பிடித்தே இழுத்துக் கவிழ்த்து, முதுகில் மண் ஒட்ட அமுக்கிவிட்டான். முதுகு மண்ணில் பட்டால் தோல்வி; நடுவர் அதைத்தான் பார்த்தார். பறை அதிர்ந்தது, கேராபாவுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். கூட இருந்த எங்களுக்கு முகம் செத்துப்போயிற்று.

விலாஸ் எழுந்துவந்து மறுபடி கையை நீட்டினான். "அண்ணே, சலாமி பாதியில நிக்குது. முடிச்சிட்டுப் போங்க." அவன் குரலில் கேலியே இல்லை. கேராபா திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

மறுநாள் பயிற்சிக்கு அவன் வரவில்லை. ஏன் என்று கேட்கப் போனேன்.

"கை கொடுத்துத்தானடா ஆரம்பிக்கணும்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொடுக்கிறது?" என்றான். அதோடு குஸ்தி போயிற்று. எருமைகள்தான் மிச்சம்.

போன தீபாவளிக்கு முன்னால் விலாஸ் பால் குடிக்க வந்தான். தலை நரைத்திருந்தது, தொப்பையும் போட்டிருந்தது. கேராபா பார்த்தவுடன் எழுந்தான். வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, தானாகவே நீட்டினான். குடித்துக்கொண்டிருந்த டம்ளரை நான் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு விட்டத இன்னைக்கு முடிச்சுக்கலாமா, தம்பி?"

"அதுக்கென்னண்ணே" என்று விலாஸும் மனசாரச் சிரித்துக்கொண்டு கை கொடுத்தான். விரல்கள் தொட்டதுதான் தாமதம், விலாஸை அறியாமலே, இழுப்புக்குக் காத்ததுபோல் ஒரு கால் பின்னால் போய்த் தரையில் ஊன்றியது, தோள் இறுகியது.

உடனே அவனே கூசிப்போனான். "பழக்கதோஷம் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு உன்னுது இல்லப்பா" என்று கேராபா கையை எடுத்துக்கொண்டான்.

பிறகு உட்கார்ந்து பால் கறந்தான். நுரை ததும்பும் டம்ளரைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தான்.