சுவரைப் பார்த்து நின்ற கற்கள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். டென்மார்க்கின் கோல்டிங் நகர நூலக மண்டபத்தில் நான் முழங்கிய ஒரு வாக்கியத்தை முதலில் கேளுங்கள்: "வந்த எவரையும் இந்நகர் மறந்ததில்லை." நகரின் பல்லின வரலாறு பற்றிய கூட்டம் அது. கிழங்கு வயலுக்கு வந்த போலந்துப் பெண்கள், போருக்குத் தப்பிய ஜெர்மானியர், வியட்நாமியர், பொஸ்னியர், ஈழத் தமிழர் என வரிசைப்படுத்தி, ஈற்றில் அவ்வாக்கியத்தை நிறுத்தினேன். கைதட்டல் நீண்டது. அதில் ஒரு சொல்லையும் நான் சந்தேகிக்கவில்லை.

வெளியே மேலங்கியை மாட்டுகையில் ஓர் அக்கா அருகே வந்தார். நகரின் கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்பவர்.

"தம்பி, நல்லாக் கதைச்சீர். நாளைக்கு மத்தியானம் எங்கட சேமக்காலைக்கு ஒருக்கா வாரும்."

"அங்கயும் பேச்சோ அக்கா?"

"ஓம். மைக் தேவையில்லை. ஒருத்தரும் இடையில எழும்பிப் போகமாட்டினம்."

மறுநாள் நண்பகலிலும் மூடுபனி விலகவில்லை. கோடு கோடாக வாரப்பட்ட வெறும் சரளைத் தரை ஒன்றை அக்கா காட்டினார். டென்மார்க்கில் கல்லறை நிலத்துக்குக் குத்தகைத் தவணை உண்டு. தவணை முடிந்து எவரும் நீடிக்காவிட்டால், கல்லை எடுத்துவிட்டு நிலத்தைச் சமன்செய்வார்கள்.

"இதில மன்னார்ப் பெடியன் ஒருத்தர் கிடக்கிறார். மேல ஒண்டும் இல்லை, அவ்வளவுதான்."

அகதி முகாமுக்கு வந்த முதற் குளிர்காலத்திலேயே இறந்தவராம். கல் நாட்டிய நண்பர்கள் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டனர். நீடிப்புக் கடிதத்தைப் பிரிக்க இங்கே ஆளில்லை.

கருவிக் கொட்டிலின் பின்னே, அகற்றிய கற்கள் சுவரைப் பார்த்தபடி நின்றன. அக்கா ஒவ்வொன்றாகச் சாய்த்துக் காட்டினார். போலந்துப் பெயர், ஜெர்மன் பெயர், வியட்நாம் பெயர். என் பேச்சின் வரிசையே அங்கே எனக்கு முதுகு காட்டி நின்றது. கடைசியாக நின்ற மன்னார்க்காரரின் கல்லில் தமிழ் எழுத்துகள் தலைகீழாக இருந்தன.

"இங்க வேலை செய்யிற டெனிஷ் பெடியளுக்கு எது மேல, எது கீழ எண்டு தெரியேல்லை."

இருவருமாக நிமிர்த்தினோம். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு. என் வயது.

"நாளைக்கு லொறி வரும். உடைச்சு வீதிக்குச் சல்லியாப் போடுவினம். ஆரும் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைச்சால் இந்தக் கல்லை விடுவினம்."

"சொந்தக்காரர்தானே வைக்கவேணும்?"

"நேற்று மேடையில 'எம்மவர், எம்மவர்' எண்டு எத்தினை தரம் சொன்னீர்?"

அவர் நீட்டிய தாளில் கையெழுத்திட்டேன். அவர் தாளுடன் அலுவலகத்துக்குப் போனார். தனித்து நின்று, கல்லிலிருந்த பெயரை உரக்க வாசித்தேன். மண்டபங்களில் என் குரல் பின்சுவரைத் தொட்டுத் திரும்பும். அந்தத் திரும்பலைக் கேட்டே அடுத்த சொல்லை எடுக்கப் பழகியவன் நான். நான்கடி தூரத்தில் சுவர் இருந்தும், அன்று குரல் திரும்பவில்லை. இடையில் எவரோ அதை வாங்கி வைத்துக்கொண்டதைப் போலிருந்தது. மற்றக் கற்களின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். பிறகு, மேடைத் தமிழ் வாயில் வராமல், பனியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்:

"அண்ணை, நேற்று நான் சொன்னது பொய். அதே மேடையில ஏறி அதைப் பொய் எண்டு சொல்லுவன். உங்கட பேரில தொடங்கி, இந்தச் சுவரைப் பாத்து நிக்கிற எல்லாற்ற பேரையும் வாசிப்பன்."