கூடைத்தலையர்களைக் காப்பாற்றச் சின்னாளப்பட்டி போய்வந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லிக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நாற்பத்தாறு வயசில், பேரன் எடுக்கிற பருவத்தில், கதையில் வருகிற ஆட்களுக்கு உயிர்ப்பிச்சை கேட்டு பஸ் ஏறிப் போய்வந்தேன். அதுவும் மனுசர்கள் இல்லை. வேற கிரகத்து ஆட்கள்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருகிற பத்திரிகையில் ஒரு ராக்கெட் தொடர்கதை. கேப்டன் உண்டு, வில்லன் உண்டு. ராக்கெட் இறங்குகிற இடத்தில் மூட்டை ஏற்றுவதற்குக் கூடைத்தலையர் என்று ஒரு கூட்டமும் உண்டு. தலை கூடை கவிழ்த்த மாதிரி இருக்கும், மூணு கண். வாரத்துக்கு ஒரு வரிதான் அவர்களுக்கு. பேச்சும் கிடையாது, பேரும் கிடையாது.

என் சம்சாரம் வள்ளியம்மா கிணற்றுப் படியில் விழுந்து, இடுப்பு எலும்பு விட்டு, ஆறேழு மாசமாகக் கட்டிலில் கிடந்தாள். நான் மூணாங்கிளாஸ். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவள் கேட்பாள். "மத்தவனெல்லாம் வசனம் பேசறான். வேலை செய்யறது இவங்க மட்டுந்தானுங்க" என்பாள். நான் தோட்டத்துக்குப் போனபிறகு அவளுக்குத் துணை கூடைத்தலையர்கள்தான். மூணு கண்ணோடு வெங்காயம் உரித்தால் என்ன பாடு, அந்தத் தலைக்கு எண்ணெய் எவ்வளவு செலவாகும் என்று சாயங்காலம் என்னிடம் கணக்குக் கேட்பாள். கட்டு வைத்தியர் சொன்னபடி சுவரைப் பிடித்துப் பத்தடி நடக்கவும் ஆரம்பித்திருந்தாள்.

போன தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, கூடைத்தலையர் கிரகத்தைக் குண்டு போட்டு எரிக்கப் போகிறேன் என்று வில்லன் சொன்னான். அதோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள். வள்ளியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "இனி அந்தப் புஸ்தகம் வேண்டாமுங்க" என்றாள். சோறும் வேண்டாம், நடையும் வேண்டாம். மறுநாளும் அப்படியே.

கதை எழுதுகிறவர் பேருக்குக் கீழே 'சின்னாளப்பட்டி' என்று போட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். கட்டிலில் கிடந்தபடியே அவள் சொன்னாள், "ஒருத்தருக்காச்சும் பேர் வைக்கச் சொல்லுங்க. பேரில்லாமச் சாகப் போறாங்க."

கீரனூரில் விடிகாலை பஸ். பழனி பன்னிரண்டு மைல், நாற்பத்தஞ்சு நயா பைசா. அங்கிருந்து திண்டுக்கல் முப்பத்தாறு மைல், ஒண்ணே கால் ரூபாய். பத்து மணிக்குத் திண்டுக்கல். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பாய் கடையில் பிரியாணி மணந்தது. எழுபத்தஞ்சு நயா பைசா.

"எங்கிட்டுண்ணே போறீக, பையி நெறையக் கத்திரிக்காயோட?" என்றார் பாய்.

"ஒரு ஊரு சனம் அம்புட்டும் என்னை நம்பித்தான் இருக்கு பாய்."

"அப்ப இன்னொரு கரண்டி வச்சுக்கங்க. வெறும் வயித்தோட அம்புட்டுப் பேரத் தூக்க முடியாது" என்று சோற்றோடு ஒரு துண்டுக் கறியும் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அவர் கடை பெருகட்டும்.

சின்னாளப்பட்டிக்கு மதுரை ரோட்டில் ஏழு மைல்தான், இருபத்தஞ்சு நயா பைசா. ஏறி உட்கார்ந்தது தெரியும். கண்ணைத் திறந்தால் கண்டக்டர் தோளை உலுக்குகிறார்.

"பெரியவரே, கொடைரோடு. மலைக்கா?"

"சின்னாளப்பட்டிங்க."

"அங்கன வச்சு மூணு தடவை கூப்ட்டேன். குறட்டைதான் பதில் சொல்லுச்சு."

பெரியவர் என்றதை மன்னித்துவிட்டேன். கூடுதல் தூரத்துக்கு அவர் காசு கேட்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் சொல்லி ஏற்றியும் விட்டார்.

சின்னாளப்பட்டி டீக்கடையில் விசாரித்ததும், "ராக்கெட் விடுறவரா?" என்று கைகாட்டினார்கள். கதைக்காரர் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. பனியனோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கத்திரிக்காயை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"கூடைத்தலையரா?" செத்த நேரம் யோசித்தார். "ஓ, மூட்டை தூக்குறவங்களா?"

மறந்தே போயிருந்தார் மனுசன்.

"குண்டு போடுற அத்தியாயம் அச்சுக்குப் போயிருச்சுண்ணே. விழுந்தது விழுந்ததுதான்."

அவர் மனைவி முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், "ஒரு ஊரையே எரிச்சுப்புட்டா நேத்து அம்புட்டு நிம்மதியாத் தூங்குனீக?"

எனக்கு வள்ளியம்மா சுவரைப் பார்த்துக் கிடப்பதுதான் கண்ணில் நின்றது. "குண்டு விழட்டுமுங்க. அன்னைக்கு என்ன கிழமைன்னு எழுதிட்டீங்களா?" என்றேன்.

"இல்லையே."

"அப்பச் சந்தை நாள்னு வையுங்க. சந்தை நாளன்னைக்கு எங்க பக்கம் குண்டு போட்டா கோழிதான் சாகும். குஞ்சு குளுவானெல்லாம் வண்டி ஏறிருமுங்க. உங்க ஆளுக மூட்டை தூக்கறவங்க. சந்தைக்குப் போகாம வேறெங்க போவாங்க?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பென்சிலை எடுத்தார். "பக்கத்துக் கிரகத்துல சந்தை," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பேர் வைக்கிற சங்கதியையும் சொன்னேன்.

"உங்க பேரு என்னண்ணே?"

"குப்பண்ணனுங்க."

அதையும் எழுதிக்கொண்டார். காலையில் கிளம்பியவர் ஏன் இம்புட்டு நேரம் என்று கேட்டார். கொடைரோடு வரை தூங்கிப்போனதைச் சொன்னேன். புருசனும் பெண்டாட்டியும் மோர் கொடுத்துச் சிரித்தார்கள்.

வீடு வந்து வள்ளியம்மாவிடம் சொன்னேன். "சந்தையில என்ன வாங்கினாங்களாம்?" என்று கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்தாள். அடுத்த வெள்ளி கிரகம் எரிந்தபோது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வீடு போனாக் கட்டிக்கலாம்" என்றாள். இப்போது வாசல் வரை நடக்கிறாள். பாய்க்கும் கண்டக்டருக்கும், முன்பின் தெரியாத என் பேச்சைக் கேட்ட அந்தக் கதைக்காரருக்கும் நான் என்ன கைம்மாறு செய்ய?

நீங்கள் இந்த வழியாகப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள், ஆள் வீட்டில் இருப்பார். கையில் அஞ்சு ரூபாய் இருந்தால் போதும். பிரியாணியைத் திரும்பி வரும்போது சாப்பிடுங்கள்.

அதற்கடுத்த வெள்ளி வந்த பத்திரிகையில் கூடைத்தலையர்கள் சந்தையிலிருந்து மூட்டையோடு திரும்பி வந்தார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். சந்தைக்குப் போகிற வண்டியில் தூங்கிப்போய், இறங்காமல் அதே வண்டியில் ஊருக்குத் திரும்பிய ஒருவன் மட்டும் குண்டில் மாட்டிக்கொண்டான். இத்தனை வாரத்தில் பேரோடு வந்த ஒரே கூடைத்தலையன் அவன்தான். பேர் குப்பண்ணன்.

வள்ளியம்மா அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.