மஞ்சள் சிவக்காத தண்ணீர்

தைலம் எடுத்தபின் எறிந்துவிடும் எலுமிச்சைப் புல்லிலிருந்து காகிதம் செய்யலாம் என்று ஒரு பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். அதிலிருந்து அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் புல் வேகவைக்கிறோம். வெறும் தண்ணீரில் புல் மசியாது. காஸ்டிக் சோடா வேண்டும். கையில் பட்டாலே புண்ணாகும். அதனால் வெந்த புல்லை அந்தச் சோடாவின் காரம் போகும்வரை அலச வேண்டும். போய்விட்டதா என்று பார்க்க மஞ்சள்தான் வழி. அலசிய தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால், காரமிருந்தால் ஆரத்தி போலச் சிவக்கும்.

தண்ணீர் பார்க்கத் தெளிந்த பிறகும் காரம் நிற்கும். அன்று தண்ணீர் தெளிந்ததும் ஒரு டம்ளர், மேலும் சில முறை அலசியபின் ஒரு டம்ளர் எடுத்துத் துவைக்கும் கல்மேல் வைத்திருந்தோம். நான் மஞ்சள் டப்பா எடுக்க உள்ளே போனேன். கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்த என் இரண்டு வயது மகளும் என் பின்னாலேயே வந்துவிட்டாள் என்று நினைத்து, அக்கா அடுப்பைப் பார்க்கத் திரும்பியிருக்கிறார்.

திரும்பி வந்தபோது ஒரு டம்ளர் கீழே உருண்டு கிடந்தது. இன்னொன்று மகளின் கையில். உதட்டில் கஞ்சி போலப் புல்கூழ்.

"அக்கா, இது எந்த டம்ளர்?"

"வலப்பக்கம் வச்சது கடைசி அலசல்... இல்ல, இடப்பக்கமா? அடி ஆத்தி, ரெண்டும் ஒண்ணு போலத்தானே கெடந்துச்சு!"

நான் போட்ட சத்தத்தில் மகள் வீறிட்டாள். வாய் எரிந்து அழுகிறாளா, என்னைப் பார்த்துப் பயந்து அழுகிறாளா? ஈரத்துணியால் அவள் வாயைத் துடைத்தேன். அக்கா டாக்ஸிக்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "வெரசா வாங்க தம்பி, பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்!"

மகளிடமிருந்து பிடுங்கிய டம்ளரின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் மஞ்சளைத் தட்டினேன். அவசரத்தில் பாதி கீழே கொட்டியது. முதலில் கண்ணில் பட்டது சிவப்பு.

"அது தரைடி! உருண்ட டம்ளர் தண்ணி. கையில இருக்கறதப் பாரு!"

டம்ளருக்குள் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"அந்த டம்ளர்லயும் ஒரு வாய் குடிச்சிருந்தா, அக்கா?"

அக்கா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். "புண் எதுவும் இல்லம்மா. கொஞ்ச நேரம் இங்கயே இருங்க. எச்சில் ஒழுகுதா, விழுங்கக் கஷ்டப்படுறாளான்னு பாருங்க."

பெஞ்சில் உட்கார்ந்து மகளின் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டாவி விட்டாலும் பயமாக இருந்தது. மறுபடி வந்து பார்த்த டாக்டரம்மா, ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாம் என்றார். அக்கா எதிர் பேக்கரியிலிருந்து பன் வாங்கி வந்து, பிட்டுப் பாலில் நனைத்துக் கொடுத்தார்.

"என்னடி, புல்லு மட்டுந்தான் திம்பியா? இதையும் தின்னு பாரு."

மகள் மென்றாள். விழுங்கினாள். அவளோடு சேர்ந்து என் தொண்டையும் ஏறி இறங்கியது. அக்கா அடுத்த துண்டைப் பிட்பதற்குள், மகள் முழுப் பன்னையும் பிடுங்கிக்கொண்டாள்.