ஸ்டீல் கிட்டாரில் தேய்ந்த இடம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மழை வரப்போகிறதே என்று மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூரிலிருந்து சம்பத்தின் மனைவி மல்லிகா போனில் பேசினார். "டீச்சர், அவரு பூட்டாரு டீச்சர். வேலைக்குக் கெளம்பினு இருந்தாரு. ஷூ மாட்ட ஒக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். ஈரத் துணியைத் தோளில் போட்டபடி தண்ணீர்த் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சம்பத்துக்கு ஐம்பத்தொரு வயது. என்னைவிடப் பதினாறு வயது சின்னவர்.

நம் சபையில் சம்பத் என்றால் யாரென்று கேட்பவர்கள்கூட, கிட்டார் பெயின்டர் என்றால் தெரிந்துகொள்வீர்கள். திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் இரும்பு அலமாரிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது அவருடைய வேலை. மீதி நேரத்தில் பழைய ஸ்டீல் கிட்டார்களைச் சீர்செய்வார். அவரைப் பற்றி நம் மாத இதழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார் ஆயர். ஒரு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். சம்பத் என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். சபையாரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். இரண்டு வருஷம் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு டீச்சருக்கு நேராக விடையைச் சொல்ல வராது, படிப்படியாகத்தான் வரும்.

என் கணவர் எட்வின் முப்பது வருஷம் நம் பாடகர் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்ததை உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். மடியில் படுக்க வைத்து, இடது கையில் எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பிகள்மேல் நகர்த்தி வாசிக்கிற கிட்டார் அது. ஹவாயன் கிட்டார் என்றும் சொல்வார்கள். அதன் ஒலிக்கு ஆரம்பமும் தெரியாது, முடிவும் தெரியாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். மரத்தின் மேல் லாக்கர் என்கிற மெருகுப் பூச்சு. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகக் கருஞ்சிவப்பு. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அதில் விழுந்தால் பூச்சுக்குள்ளே இன்னொரு வெளிச்சம் இருப்பது தெரியும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து அடுப்பில் பாலைப் பொங்க விட்டிருக்கிறேன். வலது பக்கம், உள்ளங்கையின் அடிப்பாகம் படுகிற இடத்தில் மட்டும் ஒரு பிஸ்கட் அளவுக்குப் பூச்சு தேய்ந்து மரம் தெரியும். எட்வின் போன பிறகு நான் தினமும் தொட்ட இடம் அதுதான்.

கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்து ஆலயம் திறந்த முதல் ஞாயிறு, மேடவாக்கத்திலிருந்து வந்த ஒரு விருந்தினர் அந்தக் கிட்டாரை வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் நடுவில் இரண்டு முறை தும்மினார். வீட்டுக்கு வந்ததும் நான் பஞ்சில் சானிடைசரை ஊற்றி, கிட்டாரை மூலைமுடுக்கு விடாமல் துடைத்தேன். அரைமணி நேரத்தில் தேன் நிறமெல்லாம் பால் நிறமானது. தொட்டால் பிசுபிசுத்தது. பஞ்சு இழைகள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புருஷனை நானே துடைத்து எடுத்துவிட்டேன் என்று தோன்றியது. வாய்விட்டு அழுதேன்.

யாரோ சொல்லி, பெருங்களத்தூரில் ரயில் பாதையை ஒட்டிய சம்பத்தின் வீட்டுக்குப் போனேன். போர்வையை விலக்கிக் கிட்டாரைப் பார்த்தவர், "இன்னா டீச்சர், பாயசம் கொட்டிட்ட மாதிரி கீது?" என்றார். சானிடைசர் என்றேன். "கிட்டாருக்கு ஜொரம் வந்துச்சா? மாஸ்க்கு போட்டு வுட்டிருக்கலாமே" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு திரும்பியிருப்பேன். அவர் சொன்னபோது ஒரு மாதம் கழித்து முதல்முறையாகச் சிரித்தேன். கிளம்பும்போது தேய்ந்த இடத்தைக் காட்டி, "இதை மட்டும் தொடக் கூடாது, தம்பி. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்" என்றேன். "சரி டீச்சர்" என்றார்.

அப்போது ஐப்பசி. மழைக்காலத்தில் சம்பத் லாக்கர் அடிக்க மாட்டார். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு காயும்போதே ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு வெளுத்துவிடுமாம். "மய வுடட்டும் டீச்சர். அவசரப்பட்டா ரெண்டு பேருக்கும் பேஜாரு" என்பார். நான் விடுவேனா? வாரம் தவறாமல் போய் நிற்பேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. கம்பி கழற்றிய கிட்டார்கள் ஐந்தாறு, கொடியில் துணி காய்கிற மாதிரி உத்தரத்தில் தொங்கும். தேன் நிறம், வெல்லப்பாகு நிறம், நன்றாகப் பழுத்த பேரீச்சை நிறம். லாக்கரில் கலக்கிற தின்னருக்குப் பழுத்த வாழைப்பழத்தின் வாசனை. வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். மின்சார ரயில் கடந்து போகும்போது கொட்டகை லேசாக அதிரும், கிட்டார்களெல்லாம் கயிற்றில் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொள்ளும். நானும் சம்பத்தும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் டீ குடிப்போம். எத்தனை மத்தியானங்கள் அப்படிப் போயின என்று கணக்கு வைக்கவில்லை. கணக்கு டீச்சர் கணக்கு வைக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் லாக்கரைப் பற்றிச் சொன்னார். "பெயின்ட்டு வாடகைக்கு வந்த ஆளு மாதிரி டீச்சர். மேல ஒக்காந்துகினு இருக்கும், ஒருநாள் உரிச்சினு பூடும். லாக்கர் அப்படி இல்ல. புதுசா அடிக்கிற கோட்டு, அடியில கீற பழைய கோட்டக் கரைச்சி அதோட ஒண்ணா பூடும். அப்புறம் எது பழசு எது புதுசுன்னு அடிச்சவனுக்கே தெரியாது." சொல்லிவிட்டு என் கிட்டாரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தார். எட்வின் வாசிக்கிற வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எடுத்த ஒன்றை அனுப்பினேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் வரச் சொன்னார். மேஜைமேல் வெள்ளை வேட்டியை விரித்து அதில் கிட்டாரை வைத்திருந்தார். என்னால் கிட்டே போக முடியவில்லை. அந்தத் தேன் நிறம் முழுதாகத் திரும்பி வந்திருந்தது. பளபளப்பு என்று சொல்ல மாட்டேன், அது கண்ணைக் குத்தும். இது உள்ளே கூப்பிடுகிற வெளிச்சம். வலது பக்கம் பார்த்தேன். தேய்ந்த இடம் அப்படியே இருந்தது. விரலை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. சம்பத் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மல்லிகா கொடுத்த காபியை அவர் குடிக்கவேயில்லை.

அந்த ஈஸ்டருக்குக் கிட்டாரை ஆலயத்துக்குக் கொண்டுவந்தேன். ஆராதனை முடிந்ததும் நீங்கள் வரிசையில் நின்று அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள். "எட்வின் அண்ணன் கை" என்று சொல்லிச் சொல்லித் தொட்டீர்கள். சிலர் பிள்ளைகளின் கையைப் பிடித்து அதில் வைத்தீர்கள். அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. அன்று சம்பத்தும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

அதற்கு ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சேலையூரில் என் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். சொல்லாம சோறு எறங்கல. அந்த எடம் சாரோடது இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"தொடக் கூடாதுன்னு சொன்னீங்களா? எங்க தொழில்ல தொடக் கூடாத எடத்துக்கு டேப்பு ஒட்டுவோம். பழக்க தோசம், கை தானா போய் ஒட்டிடுச்சு. சானிடைசர்ல லாக்கர் இளகிக் கெடந்துச்சா, டேப்ப உரிச்சா தேஞ்ச எடத்த சுத்தி இருந்த லாக்கரும் சதுரமா டேப்போடவே வந்துடுச்சு. மரத்த சமம் பண்ணி, மொத்தமா அடிச்சி மூட வேண்டியதாப் போச்சு."

"அப்போ இப்ப இருக்கறது?"

"நான் தேச்சது. உப்புத்தாள் போட்டா ஓரம் கத்தி மாதிரி நிக்கும். கைல பாலிஷ் பேஸ்ட்டத் தடவிகினு, சார் வீடியோவப் பாத்துப் பாத்து, அவரு கை படற எடத்துல நம்ம கைய வெச்சித் தேச்சேன். ரெண்டு மாசம். குடுக்கறப்பவே சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க தொட்டு அழுவ ஆரமிச்சிட்டீங்க. வாய் வரல." பிறகு, "சர்ச்சுல எல்லாரும் வந்து தொட்டாங்களே டீச்சர். சாமி கீற எடத்துல பொய்ய வெச்ச மாதிரி கீது. நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார்.

"சொல்றேன். இப்போ நீங்க கிளம்புங்க" என்றேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அன்றைக்கு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. ஏமாற்றிவிட்டார் என்பதுதான் கோபம் என்று எல்லா நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. முப்பது வருஷம் கண்முன்னால் இருந்த இடம் மாறிப்போனது எனக்குத் தெரியவேயில்லை. வேறு ஒருவர் கையைத் தொட்டு என் புருஷன் என்று அழுதிருக்கிறேன். அந்த வெட்கத்தைத்தான் அவர் தலையில் கட்டினேன்.

ஒரு நாள் அந்த வீடியோவை நானும் போட்டுப் பார்த்தேன். பாட்டைக் கேட்காமல், எட்வினின் வலது கையை மட்டும் பார்த்தேன். பாட்டின் ஒவ்வொரு அடி முடியும்போதும் கையைத் தூக்கி, சுண்டுவிரல் பக்கம் சாய்த்து இறக்குகிறார். நான் கவனித்ததே இல்லை. எழுந்து போய்க் கிட்டாரைப் பார்த்தேன். தேய்ந்த இடம் சுண்டுவிரல் பக்கம் அகன்று, மறுபக்கம் ஒடுங்கியிருந்தது. ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாத மனிதர், என் புருஷன் கையை என்னைவிட நன்றாகப் பார்த்திருந்தார்.

மறுநாளே பெருங்களத்தூர் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியவில்லை. "டீ போடச் சொல்லுங்க, தம்பி" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. அப்புறம் எல்லாம் பழையபடிதான். ஆனால் நான் போகும்போதெல்லாம், டீ குடித்து முடிந்ததும், "சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்பார். "அடுத்த வாரம்" என்பேன். நீங்கள் வந்து எட்வின் பெயரைச் சொல்லித் தொடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்க மனம் வரவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதிதான் இப்போது என்னை அறுக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். கொட்டகை காலியாக இருந்தது. கிட்டார்களை அவரவர் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். மல்லிகா கயிறுகளைப் பார்த்தபடி சொன்னார்: "அவரு தொட்டது எல்லாமே அடுத்தவங்க வூட்டுல கீது டீச்சர். அதுலயும், குடுக்கறப்ப ஒரு கை ரேக தெரியக் கூடாதுன்னு தொடச்சித் தொடச்சிக் குடுப்பாரு. அவரு கை பட்டதுன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

நான் அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இரண்டு மாதம் சாயங்காலமானால் சம்பத் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இந்த வயதில் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார் என்று நினைத்தாராம். "என்னான்னு கேட்டா, சொம்மா இருன்னுடுவாரு" என்றார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சபையாரே, சம்பத் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். தாமதம் என்னுடையது, அவருடையது அல்ல. யாரும் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாத ஒரு தப்பைச் சொல்வதற்காக, மத்தியான வெயிலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மத்தியானத்தை.

அந்தத் தேய்ந்த இடத்தை நான் வைத்துக்கொள்ள முடியாது. வருகிற ஞாயிறு மல்லிகா ஆராதனைக்கு வருகிறார். முடிந்ததும் நீங்கள் வழக்கம்போல் கிட்டாரிடம் வருவீர்கள். அன்று மட்டும் கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள். முதலில் அவர் தொடட்டும். அது அவருடைய கணவரின் கை.