நடக்காத நாற்பது வகுப்புகள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பட்டுச்சேலை பார்டருக்குக் கிராஃப் தாளில் டிசைன் போடுகிறேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று, சில வருடங்களுக்கு முன் பி.எட். படித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெருப் பெண் பயிற்சியில் எடுத்த வகுப்புகளைப் பதியும் தன் கணக்குப் பாடக்குறிப்பு நோட்டை எழுதித் தரக் கேட்டாள்.

“பயிற்சிக்குப் போன ஸ்கூல்ல கிளாஸே குடுக்கலக்கா. பேப்பர் திருத்திக்கினு இருந்தேன். காலேஜ்ல நோட்டு நீட்டா இருந்தா போதும்.”

மறுத்துப் பேச எனக்குக் கூச்சம். நடக்காத நாற்பது வகுப்புகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ‘மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்’ என்று முடித்தேன்.

இந்த வருடம் என் மகளின் பத்தாம் வகுப்புக்கு அவளே கணக்கு டீச்சர். அரையாண்டில் கணக்கில் பாதி வகுப்பு ஃபெயில். என் மகளும்தான்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தறிக்காரர் எழுந்தார். “ஏம்மா, சந்தேகம் கேட்டா மனப்பாடம் பண்ணுன்றீங்களாமே. அதுக்கு நாங்களே போதுமே, டீச்சர் எதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“ஒரு புள்ள ‘ஏன் மிஸ்’னு கேட்டாலே ஒதறுதுக்கா. பசங்க முன்னாடி நான் நின்னதே இங்க வந்துதான்.”

அவள்மேல் கோபம் வரவில்லை. கல்லூரியில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களோடு நானும் சேர்ந்துதான் அவளை அங்கே நிறுத்தியிருக்கிறேன்.

பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. “எனக்குக் கணக்கு ஏறாதும்மா, நான் மக்கு” என்று மகள் தினமும் சொல்கிறாள். அவள் மக்கு இல்லை; ஃபெயிலானதற்கான காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.