இன்னொரு நடை

எங்கள் முடிச்சூர் வீட்டின் கார் ஷெட்டில் வெகுகாலம் ஒரு படகு நின்றது. எங்கோ ஏரியில் உல்லாச சவாரிக்கு ஓடி, ஓய்ந்து, ஏலத்துக்கு வந்த பழைய மர மோட்டார் படகு. வாங்கி வந்தவர் என் கணவர். பக்கத்தில் கடல் இல்லாத ஊரில் படகு செப்பனிடுகிறவரைத் தெரு சும்மா விடுமா? என் ஸ்கூட்டி மழையில் நனைந்த கோபத்தில் நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவர் காதில் வாங்காமல் பலகையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. பெருவெள்ளம் வந்த வருஷம் எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். மீட்க வந்த மோட்டார் படகில் எல்லோருக்கும் இடமில்லை. மாமனார்தான் எங்களை முதலில் அனுப்பினார்.

"நீங்க போங்க. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்? அடுத்த நடையில வர்றேன்."

மேட்டில் எங்களை இறக்கிவிட இஞ்சினை நிறுத்தினார்கள். அது மறுபடி கிளம்பவேயில்லை. படகுக்காரர்கள் இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்து ஓய்ந்த பிறகு என் கணவர் இழுத்தார். உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். விடிந்த பிறகு வேறு படகு பிடித்து எங்கள் மொட்டை மாடிக்குப் போனபோது, நனைந்த போர்வைக்குள் மாமனாரின் உடல்தான் இருந்தது. அந்தக் குளிரை அவர் நெஞ்சு தாங்கவில்லை.

என் கணவர் அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. எனக்கு அதுதான் பயம். இந்தப் படகும் கைவிட்டால் மனிதர் என்ன ஆவாரோ என்று நினைத்துக்கொண்டேதான் வெள்ளோட்டத்துக்குக் கிளம்பினேன்.

படகை லாரியில் ஏற்றிக் கோவளத்துக் கழிமுகத்துக்குக் கொண்டுபோனோம். இஞ்சினைப் பழுது பார்த்த பம்மல் மெக்கானிக், புது வண்டிக்கு வைப்பதுபோல எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். படகுக்கு ஏது சக்கரம்? பழங்களை லாரிச் சக்கரத்தில் வைத்து நசுக்கினோம். ஆக, திருஷ்டி கழிந்தது லாரிக்குத்தான்.

படகு நன்றாகவே ஓடியது. பலகை புது வார்னிஷில் மின்ன, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். என் கணவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. ஒரு சுற்று முடித்து, என்னைக் கரையில் இறக்கிவிட்டு, இஞ்சினை நிறுத்தினார். மெக்கானிக் பதறிவிட்டார்.

"இன்னாத்துக்கு சார் நிறுத்துன? சூடா கீது. கொஞ்ச நேரம் ஓடிக்கினு இருக்கட்டும்."

"ஓடுதான்னு பார்க்க வரலை. நிறுத்தினா மறுபடி கிளம்புதான்னு பார்க்கணும்."

முதல் முறை இருமிவிட்டு அடங்கியது. இரண்டாவது முறையும் அதே கதை. ஊரிலுள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். அடுத்த முறை பிடித்துக்கொண்டது.

"இங்கேயே நில்லு. இன்னொரு நடை போயிட்டு வந்துடறேன்" என்றார்.

எதிர்க்கரைக்குத் தனியாகப் போனார். அங்கேயும் இஞ்சின் சத்தம் நின்றது. வயதானவர் ஒருவர் மெதுவாக ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அப்படியே இருந்தார். மெக்கானிக் ஏதோ கேட்க வந்தார். நான் கையைக் காட்டி அமர்த்தினேன். மறுபடி சத்தம் கேட்டது. வரும்போது படகை மிக நிதானமாக ஓட்டினார்.

கரையை நெருங்கியபோதுதான் கவனித்தேன், அவர் அழுதுகொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நிறுத்தட்டுமா என்று என்னைக் கேட்டார்.

"நிறுத்துங்க," என்றேன். "வந்தாச்சு."